மதிமை சாலா மருட்கை

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய கலைப்படைப்புகள் நம்மை ஏன் கட்டிப்போடுகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் என் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்கு விட்டுக்கொடுத்தே கழிந்தது, அது வேறு கதை.

சமீபத்தில் வெளியூர் உறவினர்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். விவேகானந்தர் பாறையில் இறங்கி, 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலைக்கு நடந்தோம். பாலத்தில் எல்லாரும் குனிந்துகொண்டே நடக்கிறார்கள். காலுக்குக் கீழே கடல் தெரிகிறதல்லவா! எதிரே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

எனக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். வியப்பை அவர் மருட்கை என்பார். அது எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு, உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் கணக்கும் வைத்திருக்கிறார்: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' மதிமை சாலா என்றால் அறிவுக்குள் அடங்காத என்று பொருள்.

கண்ணாடிப் பாலம் புதுமை. முதலில் ஜெயிப்பது அதுதான், சீக்கிரம் தோற்பதும் அதுதான். அடுத்த தடவை வரும்போது அதே ஆள் பாலத்தில் செல்போனில் பேசிக்கொண்டே நடப்பார். பெருமை, அதாவது பெரிய உருவம், கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். ஆனாலும் வள்ளுவர் சிலையில் என்னை நிறுத்துவது உயரம் அல்ல. கணபதி ஸ்தபதி அந்த இடுப்பில் ஒரு சின்ன ஒடிவு வைத்திருக்கிறார். அத்தனை கல்லையும் அடுக்கி, அதற்குள் ஒரு நெளிவு! அது இல்லையென்றால் 1330 குறளையும் எழுதிய மனிதர் காவல் நிற்பவரைப்போல விறைத்துக்கொண்டு நின்றிருப்பார்.

மூன்றாவதாகத் தொல்காப்பியர் சொல்லும் சிறுமைக்கு, நுணுக்கம் என்று பொருள். இதற்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவேண்டும். இருப்பது நம் தக்கலைப் பக்கம், பராமரிப்பது கேரள அரசு. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது, பாடத்தில் மந்தமான பையன் ஒருவன், தச்சு வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை, அண்ணாந்தபடியே நின்றுவிட்டான். கூட்டம் ராஜா ஆலோசனை நடத்தும் மந்திரசாலைக்குப் போய், கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் அவன் அங்கேயே நிற்கிறான். "சாரே, ஒண்ணப்போல இன்னொண்ணு இல்ல. ஒரே அச்சுல செஞ்சிருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்லா?" என்றான்.

அவன் கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கீழே நின்று பார்க்கிற ராஜாவோ சேவகனோ பூவை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. யாரும் கேட்காத அக்கறை அது. அந்த அக்கறைதான் அந்தப் பையனின் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

நான்காவது ஆக்கம். ஒன்று இன்னொன்றாக மாறி நிற்பதைக் கண்டு வியப்பது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். என் கணக்கில் மற்ற மூன்றையும்விட இதுதான் ஆழம்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் பிரகாரம் சுற்றும்போது, கையில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்பார்கள். எல்லாம் கருங்கல். கல் என்று புத்திக்குத் தெரியும், ஆனால் கண் கேட்காது. விளக்கு ஏற்றிவிட்டால் அவ்வளவுதான், உள்ளங்கை சுடுமே என்று நமக்குப் பதறும். கல்லா, கையா? இரண்டில் ஒன்று என்று முடிவாகிவிட்டால் வியப்பும் முடிந்துவிடும். முடிவாகாமல் வைத்திருப்பதுதான் சிற்பியின் திறமை.

இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு உண்டாகிற மயக்கம், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் தெளிந்துவிடும் என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மயிலாடியில் கல்வேலை செய்யும் நண்பர் ஒருவர் உண்டு. கல்லைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே ஊமைவிரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவரோடு சுசீந்திரம் போனால் எனக்குக் கால் கடுத்துவிடும். பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிடுவார். அலங்கார மண்டபத்து இசைத்தூண்களின் பக்கத்தில்தான் நங்கூரம் போடுவார். ஒரே கல்லில் 33 சிறு தூண்கள். "அண்ணாச்சி, இந்த இடுக்குக்குள்ள உளிய எப்படி விட்டான்னு பாருங்க. கடைசித் தூண் ஒடிஞ்சாலும் மொத்தக் கல்லும் போச்சுல்லா" என்பார். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வார். நாம் தூணைப் பார்க்கிறோம். அவர் ஒடியாமல் போன அத்தனை தூண்களையும் பார்க்கிறார்.

சரி, இந்த நாலு கணக்குக்குள் அடங்காத இடமும் ஒன்று உண்டு. திருநந்திக்கரைக் குடைவரைக் கோயில். பாறையைக் குடைந்து, சுவரில் சுதை என்கிற சுண்ணாம்புச் சாந்து பூசி, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். இன்று அதில் பெரும்பகுதி இல்லை. அங்கங்கே சில கோடுகளும் மங்கிய நிறமும்தான். முதலில் போனபோது ஏமாற்றமாக இருந்தது. ஓவிய வாத்தியார் என்பதால் சும்மா நின்றேன். கண் பழகப் பழக ஒரு முகத்தின் சாயல் திரண்டு வந்தது. மிச்சத்தை நானே வரையத் தொடங்கிவிட்டேன், மனசுக்குள்.

அங்கே புதுமை இல்லை, பெருமை இல்லை. அப்புறம் எதற்காக நெஞ்சு அடைத்தது? வீட்டுக்கு வந்து மறுபடியும் மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். மருட்கைக்கு இரண்டு இடம் முன்னால் அழுகை இருக்கிறது. அதற்கும் நாலு காரணம் சொல்கிறார்: இகழப்படுகிற இளிவு, இழப்பு என்கிற இழவு, நிலைகுலைகிற அசைவு, வறுமை.

இரண்டாவதில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நன்றி, வணக்கம்.