ஓங்கி நிற்பது அதிகாரமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘டச்சு ஊர்க்காவல் படை ஓவியங்களில் ஓங்கி நிற்பது வீரமா, அதிகாரமா?’ இதுதான் தலைப்பு. நெதர்லாந்து நகரங்களைக் காத்த குடிமக்கள் படையினர், காசு கொடுத்துத் தங்களை வரையச் சொன்ன குழுப் படங்கள் இவை. தங்களை ஆண்ட ஸ்பெயினை எதிர்த்து உயிரைப் பணயம் வைத்தவர்களின் படங்களய்யா அவை என்று எதிரணி நண்பர் உருகினார். டச்சு நகரமான ஹார்லெம் 1572 டிசம்பர் முதல் ஏழு மாத ஸ்பானிய முற்றுகையைத் தாங்கியது உண்மை. அந்த மக்களின் தீரத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், ஆம்ஸ்டர்டாம் நகரப் படையை வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை முடித்தது 1642-இல். அதற்குள் போர் எல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. அங்கே சண்டை போட்டது கூலிப்படை. ஆம்ஸ்டர்டாம் படைக்கு வாயிற்காவல், ரோந்து, அணிவகுப்பு, வரும் பிரமுகர்களுக்கு வரவேற்பு. 1638-இல் பிரான்சின் ராஜமாதா வந்தபோது அணிவகுத்து நின்றதும் இந்தப் படைதான்.

படத்தின் நடுவே கறுப்பு உடையில் நிற்கும் கேப்டன் ஃபிரான்ஸ் பானிங்க் கோக் யார்? ஜெர்மன் நகரமான பிரேமனிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மருந்துக்கடைக்காரரின் மகன். நகரத் தலைவர் ஒருவரின் மகளை மணந்தார். கேப்டன்களை நியமித்ததே நகரத் தலைவர்கள்தான்! 1650-இல் அந்தத் தலைவர் நாற்காலியில் இவரே அமர்ந்தார்.

அவர் கையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு கையில் கோல். மறு கை உத்தரவிட நீள்கிறது. அந்தக் கையின் நிழல் பக்கத்தில் நிற்கும் துணைத்தளபதியின் மஞ்சள் அங்கியில் விழுகிறது. நிழல் விழும் இடத்தில் சிங்கம் ஏந்திய நகரச் சின்னம், மூன்று சிலுவைகள், பூவேலையாக மின்னுகின்றன. நகரமே அவர் கைக்குள் என்று இதைவிட எப்படி ஐயா வரைய முடியும்?

காசுக் கணக்குக்கு வருகிறேன். படத்தில் இருந்த ஒருவரே பின்னாளில் சாட்சி சொன்னார்: ஓவியத்துக்கு ஆளுக்குச் சராசரி 100 கில்டர் (டச்சு நாணயம்) கொடுத்தோம், படத்தில் கிடைத்த இடத்தைப் பொறுத்துச் சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. வீரத்தை அளந்தா இடம் கொடுத்தார்கள்?

முரசறைபவன் காசு கொடுக்காமலே படத்தில் இருக்கிறானே என்பார் நண்பர். இருக்கிறான், ஓரத்தில்!

ஹார்லெம் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616-இல் வரைந்த, அந்நகரின் புனித ஜார்ஜ் ஊர்க்காவல் படை ஓவியத்தில் களமே இல்லை, விருந்து மேசைதான். அதைச் சுற்றி அதிகாரிகள் மட்டும். வாயிலில் விடிய விடிய நின்ற சாதாரணக் காவலனுக்கு அங்கே நாற்காலி ஏது? அந்த முகங்களை இழந்ததுதான் என் ஆதங்கம்.

இன்னும் ஐயம் என்றால் 1715-க்கு வாருங்கள். ‘இரவுக் காவல்’ நகர மன்றத்துக்கு மாற்றப்பட்டது. சுவரில் இடம் போதாமல் நான்கு புறமும் வெட்டினார்கள். அதிகம் வெட்டுப்பட்டது இடப்பக்கம். அங்கே நின்றவர்களும் வெட்டிய ஓவியத் துணியோடு போனார்கள். அந்த வெட்டினால் கேப்டன் இன்னும் நடுவுக்கு வந்துவிட்டார், நடுவர் அவர்களே!