தபால் உறையில் வந்த கடல்

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் கேட்கிறதா? சரி. கடல் மாசைப் பற்றிய கூட்டு ஆய்வு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டு ஆய்வு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரண்டு பெரியவர்கள் கோட் போட்டுக்கொண்டு கோப்பை மாற்றிக்கொள்கிற போட்டோதான். அதில் பாதி அந்தப் போட்டோவோடு முடிந்துபோகும், விடுங்கள். நான் சொல்லப்போவது தபால் தலைச் செலவில் நடந்த ஒரு ஆய்வு.

தோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹிதேஷிகே தகாடா என்றொரு வேதியியல் பேராசிரியர். 2005 வாக்கில் அவர் உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்: உங்கள் ஊர்க் கடற்கரையில் பிளாஸ்டிக் குருணை கிடந்தால் நூறு, இருநூறு பொறுக்கி அனுப்புங்கள். குருணை என்று நான் சொல்வது பருப்பு அளவில் இருக்கிற பிளாஸ்டிக் மூலப்பொருள். இதை உருக்கித்தான் வாளி, பை, பாட்டில் எல்லாம் செய்கிறார்கள். ஆலையில் சிந்தும், லாரியில் சிந்தும், கப்பலில் சிந்தும், கடைசியில் கடலுக்குப் போய்ச் சேரும்.

மின் சாதன எண்ணெயில் கலந்த பிசிபி, பூச்சிக்கொல்லியான டிடிடி போன்ற நஞ்சுகள் எண்ணெய்ப் பசை உள்ளவை. தண்ணீரில் கரைய விரும்பாமல் மிதக்கிற பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். தோக்கியோ விரிகுடாப் பக்கம் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைவிட லட்சம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு கூட குருணையில் சேர்கிறது என்றது அது. கடல்நீரையே சோதிக்க வேண்டுமென்றால் கப்பல் வேண்டும், பெரிய பெரிய கேன்கள் வேண்டும், காசு வேண்டும். இதற்கு அலுமினியத் தாளும் ஒரு காகித உறையும் போதும். யார் யாரோ அனுப்பினார்கள். 2009இல் 17 நாடுகளின் 30 கடற்கரைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அதில் பிசிபி அதிகம் இருந்தது அமெரிக்கக் கரைகளில், அப்புறம் மேற்கு ஐரோப்பா, ஜப்பான். நம்மைப் போன்ற ஏழை நாடுகள்தான் கடலைக் கெடுக்கின்றன என்று பேசுகிறவர்களுக்கு அந்தக் கட்டுரையைக் காட்ட வேண்டும்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது டிடிடி கதை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் குருணையில் டிடிடி வகை நஞ்சு நிறைய. அங்கே மான்ட்ரோஸ் என்ற ஆலை 1970களின் தொடக்கம் வரை டிடிடி கழிவைச் சாக்கடை வழியாகக் கடலுக்கு விட்டது. அமெரிக்காவே 1972இல் டிடிடியைத் தடை செய்துவிட்டது, ஆனாலும் அடிச்சேற்றில் இருந்து இன்னும் கிளம்பி வருகிறது. வியட்நாமிலும் அதிகம். ஆனால் அங்கே சிதைந்த பொருளைவிடச் சிதையாத டிடிடியே கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் பழைய பாக்கி இல்லை, அண்மையில் பயன்படுத்தியது, மலேரியாக் கொசுவுக்கு அடித்ததாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். யாரோ ஒருவர் மணலில் குனிந்து பொறுக்கியதில் இருந்து இவ்வளவு தெரிகிறது. இன்னொன்று, குருணை அனுப்பியவருக்கே முடிவை மின்னஞ்சலில் சொல்லிவிடுவார்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெளிநாட்டுக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், கட்டுரை எழுதி, ஊர்க்காரனுக்கு ஒரு வரி கூடச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இதைக் காலனிய அறிவியல் என்றே எழுதியிருக்கிறார்.

அவர் பெயரைச் சொன்னதும் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பலுக்கு வந்துவிடலாம். 2021 மே 20, கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. அதில் இருந்தது ஏறக்குறைய 1,680 டன் குருணை. நீர்கொழும்புப் பக்கம் மணலே தெரியாமல் வெள்ளையாகக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். டி வோஸும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்து ஆட்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது பிரச்சினை அந்த வெள்ளைக் குருணை மட்டும் இல்லை என்று தெரிந்தது. தீயில் உருகிக் கருகின கட்டிகள், தொட்டால் பொடிகிற சாம்பல் நிறச் சில்லுகள் நிறைய. கூழாங்கல் மாதிரியே இருக்கும், சுத்தம் செய்கிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும். வேதிப்பொருள் கலவையில் எரியாததைவிட மூன்று மடங்கு சிக்கல். உள்ளூர்க் கண்ணும் அங்கத்திய கருவியும் சேர்ந்ததால் இது சீக்கிரம் வெளியே வந்தது.

2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பை 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. இப்படி ஒரு வழக்கு வந்தால் கப்பல்காரரின் வக்கீல் முதலில் என்ன கேட்பார்? இந்த அசுத்தம் எங்கள் கப்பலுக்கு முன்னாலேயே இருந்ததா இல்லையா, ஆதாரம் காட்டு என்பார். அதைக் காட்ட, விபத்துக்கு முந்தின வருஷமே எடுத்து வைத்த குருணை வேண்டும். விபத்துக்கு அப்புறம் எத்தனை கோடி செலவழித்தாலும் அது கிடைக்காது.

நம் கரைக்கும் வந்துவிட்டது. 2025 மே 25, எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளாவுக்கு அப்பால் மூழ்கியது. சில நாளிலேயே கன்னியாகுமரி மாவட்டக் கரையில் குருணை ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் சல்லடை போட்டு அள்ளினார்கள், நல்ல வேலை. ஆனால் அள்ளினதை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது, கொஞ்சத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எப்படி எடுப்பது என்று ஒரு தம்பி கேட்டார். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அலை விட்டுப்போன குப்பைக் கோட்டில் தேடுங்கள், ஈர மணலில் கிடைக்காது. மஞ்சளாகிப்போனதை விடாதீர்கள், அது கடலில் ரொம்ப நாள் கிடந்தது, நஞ்சு கூடச் சேர்ந்திருக்கும். பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் மடித்து உறையில் வையுங்கள். மேலே இடம், தேதி, பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கப்பல் எதுவும் கவிழாத போதும்.