பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டு: குன்னூர்த் தாயாரின் சந்தேகத்திற்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் குன்னூரிலிருந்து ஒரு தாயார் எழுதியனுப்பிய சந்தேகத்தை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகன் விடுமுறைக்கு வந்தால், நண்பர்கள் நால்வரைக் கூட்டிவைத்துக்கொண்டு, ஒரு தட்டு வர்க்கியும் ஒரு பிளாஸ்க் தேநீருமாக இரவு இரண்டு மணி வரை பகடை உருட்டுகிறானாம். நடுநடுவே "நான் கதவை உடைக்கிறேன்", "நான் அரக்கனிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று குரல் கேட்கிறதாம். மேசையின்மேல் காய்களும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை; தொட்டபெட்டாச் சரிவையும் அதன் சோலையையும் போல அவன் கையால் வரைந்த ஒரு படம் மட்டும் இருக்கிறதாம். "இது சூதாட்டமா, பேய் பிசாசு சம்பந்தப்பட்டதா, எங்கிருந்து வந்தது, நம் ஊரை எதற்கு இதற்குள் இழுத்திருக்கிறான்" என்று கேட்டிருக்கிறார்கள்.

சூதாட்டம் அல்ல, அம்மா. சூது என்றால் பணயம் வேண்டும். இங்கே வைப்பதற்கும் இழப்பதற்கும் எதுவும் இல்லை. வென்றவர், தோற்றவர் என்ற பிரிவே இதில் கிடையாது. உங்கள் மகன் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டோ, அதன் வழிவந்த ஒன்றோதான். இளைஞர்கள் அதை டி அண்ட் டி என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) என்று அவர்கள் அழைக்கும் ஒருவர் மட்டும், தெருக்கூத்தில் கட்டியங்காரன் நிற்பதைப் போல, கதைக்கு உள்ளேயும் வெளியேயுமாக நின்று, எதிரே என்ன இருக்கிறது, செய்த காரியம் பலித்ததா என்பதையெல்லாம் சொல்கிறார்.

இதன் வேர், நீங்கள் எதிர்பார்க்காத இடமான இராணுவப் பயிற்சியில் இருக்கிறது. நம் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியை அறிந்தவர்களுக்கு, போரை முதலில் வரைபடத்தின்மேல் நடத்திப் பார்க்கும் வழக்கம் புதிதாக இராது. அந்த வழக்கத்தை முறைப்படுத்தியவர்கள் இன்றைய ஜெர்மனியின் முன்னோடியான பிரஷ்ய நாட்டினர். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்ததைத் திருத்தி, கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்விளையாட்டை வெளியிட்டார். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் பகடையையும் அட்டவணையையும் பார்த்து விளைவைச் சொல்வார். அட்டவணைகள் பெருகி விளையாட்டே நகராமல் போனபோது, 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். எதைச் செய்ய முயன்றாலும் அதற்கு ஒரு மனிதர் விடை சொல்வார் என்ற ஏற்பாடு அங்கேயே பிறந்துவிட்டது என்பேன். பூதங்களும் மந்திரவாதிகளும் பின்னால் வந்து ஏறிக்கொண்டவைதான்.

அடுத்த திருப்பம் 1969-இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நிகழ்ந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை நண்பர்களுக்காக நடத்தினார். ஆட்கள் அதிகமாக வந்ததால், படைத்தலைவர்கள் தவிர மற்றவர்களுக்கு பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் மேயர், வங்கிக்காரர், மாணவர் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். அவர்களோ போரை மறந்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேரம் பேசினார்கள். இருவர் தங்களுக்குள் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே போய்விட்டார்கள். எல்லாம் பாழாகிவிட்டதென்று வெஸ்லி வருந்திக்கொண்டிருக்க, வந்தவர்களோ மறுபடியும் எப்போது என்று கேட்டார்களாம். ஒரு படையை ஒருவர் ஆள்வது போய், ஒருவர் ஒரே ஓர் ஆளாக நிற்பது என்ற மாற்றம் இப்படித் தற்செயலாகத்தான் வந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் இதைக் கோட்டைக்கும் அதன் அடியில் உள்ள சுரங்க அறைகளுக்கும் கொண்டுபோய், பிளாக்மூர் என்ற உலகை உண்டாக்கினார். இந்த வாரம் பிழைத்த பாத்திரம் அடுத்த வாரம் சற்று வலிமை கூடி வரும் என்ற யோசனை அங்கே உருப்பெற்றது. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ், 1972-இன் இறுதியில் ஆர்னெசன் நடத்திய ஆட்டத்தில் அமர்ந்துபார்த்து, அதை விதிகளாக எழுதத் தொடங்கினார். 1974 ஜனவரியில் மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டியாக, 10 டாலர் விலையில், 1,000 பிரதிகள் வெளிவந்தன. கையாலேயே அடுக்கி ஒட்டிய பெட்டிகள் அவை.

இங்கே உதகமண்டலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்னூக்கர் ஆட்டத்தை 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி விளையாட்டாகத் தொடங்கினாலும், அதன் விதிகள் எழுத்தில் ஏறியது 1882-இல் நம் ஊட்டி கிளப்பில்தான். (பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) நண்பர்களுக்குள் வாய்மொழியாக நடக்கும் ஆட்டம், எழுத்தில் ஏறினால்தான் மலையை விட்டு இறங்கும். ஸ்னூக்கருக்கு ஊட்டி செய்ததை, ஆர்னெசனின் ஆட்டத்திற்குக் கைகாக்ஸின் தட்டச்சுப் பொறி செய்தது. ஆனால் இங்கே யாருக்கு எவ்வளவு உரிமை என்பது வழக்காகி, 1979-இல் ஆர்னெசன் நீதிமன்றம் ஏறினார்; 1981-இல் சமரசம் ஏற்பட்டது. என்னைக் கேட்டால், இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த ஆட்டம் நம்மிடம் வந்திராது.

பகடையைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். நான் கணிதம் கற்பித்தவன். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். இவர்களுடைய பகடைகளில் நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் உள்ளவை இருக்கின்றன. கணிதப் பாடத்திற்கென்று பள்ளிகளுக்கு விற்கப்பட்டவற்றைத்தான் கைகாக்ஸ் முதலில் வாங்கினார். இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு செயல் எவ்வளவு கடினம் என்பதை மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு பண்புகளுக்கோ அந்த 1974 விதிகளில் மூன்று ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டினார்கள். விழும் வழிகள் 216; அவற்றுள் 18 கிடைப்பது ஒரே ஒரு வழியில், 10 அல்லது 11 கிடைப்பது 54 வழிகளில். நடுத்தர மனிதர் மலிவு, மாவீரர் அரிது என்ற உலக நடப்பு கணக்கிலேயே அமைந்துவிடுகிறது. நிகழ்தகவுப் பாடத்தில் தூங்கி வழிந்த பிள்ளைகள் இதை விரலைக்கூட மடக்காமல் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

பேய் பிசாசு பற்றிய உங்கள் அச்சமும் புதிதன்று. 1979-இல் மிச்சிகனில் ஒரு மாணவர் காணாமற்போக, இந்த விளையாட்டே காரணம் என்று செய்தி பரவியது. அவர் உயிரோடு கிடைத்தார், விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதும் தெரிந்தது. இருந்தும் 1980-களில் அமெரிக்கத் தேவாலயங்களும் பெற்றோர் அமைப்புகளும் இதைச் சாத்தானின் வேலை என்று கடுமையாக எதிர்த்தன. புத்தகத்தில் உள்ள அரக்கர்கள் உலகப் புராணங்களிலிருந்து திரட்டப்பட்டவர்கள். 1977-இல் வந்த அரக்கர் தொகுப்பில் நம் ராட்சசனும் இருக்கிறான். புலித்தலையோடு அங்கி அணிந்து, சாவகாசமாகப் புகைக்குழாயைப் பிடித்தபடி அமர்ந்திருப்பான். கம்பர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஆங்கில எழுத்தாளர் டால்கீனின் கதைகளிலிருந்து எடுத்த, குள்ள இனம் ஒன்றுக்கான ஹாபிட் என்ற பெயரை உரிமைச் சிக்கலால் ஹாஃப்லிங் என்று மாற்றவேண்டி வந்தது. ஆக, இது பல ஊர்க் கதைகளின் கலவைதானே தவிர, எந்த வழிபாடும் அல்ல.

இதன் செல்வாக்கை அறிய, உங்கள் கைப்பேசியில் உள்ள ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்தாலே போதும். லெவல் ஏறுகிறது, அனுபவப் புள்ளி சேர்கிறது, அடிபட்டால் உயிர்ப் புள்ளி குறைகிறது. இவையெல்லாம் அந்த 1974-ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்தவை. 1981-இல் விஸார்ட்ரி போன்ற கணினி விளையாட்டுகள் அவற்றை எடுத்துக்கொண்டன. அதைப் பார்த்து 1986-இல் ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் வந்தது. 2016-இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற அமெரிக்கத் தொடரின் சிறுவர்கள் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இதை விளையாடியதால், புதிய தலைமுறை ஒன்று தேடிவந்தது. உங்கள் மகனும் அந்த வழியில் வந்தவனாக இருக்கலாம். ஆனால் கணினி எடுத்துக்கொண்டது எண்களை மட்டுமே. கதவை உடைக்காமல் அரக்கனோடு பேசிப் பார்க்கலாம் என்று ஒருவனுக்குத் திடீரென்று தோன்றினால், முன்னரே எழுதப்படாத அந்த முயற்சிக்கு விடை சொல்ல எதிரே ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். கூடலூரில் ஆனி ஆடி மழையில் மின்சாரம் போன பின்பும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கக்கூடிய விளையாட்டு இது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கடைசியாக, அந்த வரைபடம். கைகாக்ஸ் தம் கற்பனை உலகை முதலில் நடத்தியபோது, புதிதாக எதையும் வரையாமல் வட அமெரிக்க வரைபடத்தையே விரித்துவைத்து, தம் ஊருக்குத் தெற்கே உள்ள சிகாகோ இருக்கும் இடத்தில் கிரேஹாக் என்ற மாய நகரை அமர்த்திக்கொண்டார். உங்கள் மகன் தொட்டபெட்டாச் சோலைக்குள் ஒரு குகையை வைத்திருப்பதும் அதே வழிதான், அம்மா. அந்தக் குகைக்குள் என்ன இருக்கிறது என்று அவனிடமே கேளுங்கள்; அவன் டி.எம். ஆக இருந்தால் சொல்ல மாட்டான், ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்பான்.