சேப்பங்கிழங்கு: விதையைக் குவியலில் தேடாதீர்கள்

[காட்சி: தோண்டிக் குவித்த கிழங்கு]
விதைக்கு எடுக்கச் சொன்னால் கை நேராக இந்தக் குவியலுக்குத்தான் போகும். பருமனாகப் பார்த்துப் பொறுக்குவோம். தப்பு அங்கேதான். சேம்பு பூத்து விதை பிடிப்பது அபூர்வம், விதை என்று நடுவது கிழங்கைத்தான். தாய்க்கிழங்கைச் சுற்றி விளையும் பக்கக்கிழங்கை நட்டால் தாய்ச்செடியே மறுபடி முளைக்கும், அதில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து. தாய் எப்படி நின்றது என்று குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பழகிய விவசாயிகள் இலை பச்சையாக இருக்கும்போதே நல்ல தூருக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றிவிடுவார்கள்.

[காட்சி: இலை, நெருக்கத்தில்]
நரம்பையொட்டி இறகு போல வெளுத்திருக்கிறதா? வைரஸால் வரும் தேமல் நோய். அடுத்து வரும் இலைகள் தெளிவாக வரலாம். செடி தேறிவிட்டது என்று ஏமாறாதீர்கள், வைரஸ் கிழங்கில் இருக்கும். அந்தத் தூர் விதைக்கு ஆகாது.

[காட்சி: காம்புகள்]
ரகம் பிரிப்பது காம்பை வைத்து: பச்சையா, ஊதாவா, இலையோடு சேரும் இடத்தில் புள்ளி உண்டா. நிறம் மாறி ஒரு தூர் நின்றால் பிடுங்கி எறியாமல் தனியே நட்டுப் பார்ப்பார்கள்.

[காட்சி: கொதிக்கும் பானை]
அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் வேறு. ஒப்பிடுவதானால் ஒரே அளவுக் கிழங்குகளை ஒரே பானையில், ஒரே நேரம் வேகவையுங்கள். அரைவேக்காட்டில் நல்ல ரகமும் நாக்கை அரிக்கும், பழி ரகத்தின் மேல் விழும்.

[காட்சி: கருகிய வயல்]
பசிபிக் தீவு நாடான சமோவாவில் ஏற்றுமதிக்காகப் பெரும்பாலும் ஒரே ரகச் சேம்பை நட்டிருந்தார்கள். 1993-இல் இலைக்கருகல் நோய் நுழைந்தது, ஏற்றுமதியே படுத்துவிட்டது. சுமாரான ரகத்தையும் ஓரத்தில் இரண்டு வரிசை வைத்திருப்பது வீண் வேலை இல்லை.

[காட்சி: நடவு]
20–25 கிராம் கிழங்கு, 60-க்கு 45 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்கு, எடையில் 300 முதல் 375 கிலோ. இலைதழையால் மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் மண் அணைக்க வேண்டும். விட்டால் பக்கக்கிழங்குகள் வெளியே தலைநீட்டி இலைவிடும், பருக்காது.

[காட்சி: நிழலில் பரப்பிய விதைக்கிழங்கு]
ஆறேழு மாதத்தில் இலை பழுத்துச் சாயும்போது தோண்டலாம். குச்சி ஊன்றிய தூர்களை முதலில், தனியாக. மண்வெட்டி பட்டதைச் சமையலுக்கு ஒதுக்குங்கள், அழுகல் அந்தக் காயத்தில்தான் தொடங்கும். மற்றதைக் கழுவாமல், காற்றோடும் நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தொட்டால் அமுங்குகிற கிழங்கை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.