தேக்காத் திடலில் பூமியை அளப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சிங்கப்பூரில், ஜூரோங்கில் 1977 முதல் அறிவியல் நிலையம் இருக்கிறது. அருமையான இடம், பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் அங்கே போகவேண்டும் என்றே தோன்றாதவர்களும் நம்மோடுதான் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காப் பக்கம் புல்திடலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசும் வெளிநாட்டு ஊழியர்களான நம் தம்பிகளைப் பாருங்கள். அறிவியல் அவர்களைத் தேடி அங்கே போகட்டும். ஒரு மீட்டர் குச்சி இருந்தால் போதும்.

சிங்கப்பூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைகூட இல்லை. அதனால் மார்ச் 23 வாக்கிலும் செப்டம்பர் 20 வாக்கிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. 12 மணிக்குப் போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஏற்கெனவே முந்தி ஓடிய நம் கடிகாரத்தை 1982இல் இன்னும் அரைமணி நேரம் முன்னே தள்ளினோம். மார்ச்சில் இங்கே உச்சிப்பொழுது பிற்பகல் 1.11 அளவில் வருகிறது.

சரி, நிழல் மறைந்ததைப் பார்த்தாயிற்று. அப்புறம்தான் விசேஷம். தஞ்சாவூர்க்காரத் தம்பி ஒருவர் வீட்டுக்குப் போன் போடட்டும். வாசலில் அதே நீளக் குச்சியை நட்டு, அங்குள்ள நேரம் 12.20க்கு நிழலை அளக்கச் சொல்லட்டும். 16, 17 சென்டிமீட்டர் வரும். அப்படியென்றால் அங்கே சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 9.5 பாகை சாய்ந்திருக்கிறது. பூமி உருண்டையாக இருப்பதால் வரும் சாய்வு இது. 360 பாகை கொண்ட முழு வட்டத்தில் அது 38இல் ஒரு பங்கு. கிழக்கு மேற்கை விட்டுவிட்டு வடக்குத் தெற்காக மட்டும் பார்த்தால் தஞ்சாவூர் நமக்கு 1,050 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 38ஆல் பெருக்குங்கள்: 39,900. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்! கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட கணக்கு இதுதான். கட்டுமானத் தளத்தில் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் பார்க்கிறவருக்குச் செங்குத்து என்றால் என்ன என்று நாம் பாடம் நடத்தவே வேண்டாம். குச்சியை அவரே நம்மைவிடச் சரியாக நடுவார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், தன் மனைவியோடு சேர்ந்து பூமியை அளக்கிறார். இதைவிடப் பெரிய அறிவியல் வகுப்பு எனக்குத் தெரியாது.

மார்ச் 23 ஞாயிறாக அமையாவிட்டால் கவலை வேண்டாம். மூன்று நாள் தள்ளிப்போனாலும் இங்கே நிழல் 2 சென்டிமீட்டர்தான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மேகம் மூடினால் செப்டம்பர் இருக்கிறது. வங்காளம் பேசத் தெரிந்த தொண்டூழியர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். டாக்காவுக்கும் போன் போடவேண்டும்.