கிண்ணத்தை எண்ணினால் போதுமா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஐஸ் ஹொக்கியில் ஒரு பயிற்சியாளரின் தரத்தைச் சொல்வது வட அமெரிக்காவின் பெரிய லீக்கான NHLஇல் அவர் வென்ற ஸ்டான்லி கிண்ணமா, கையில் கிடைத்த அணியை வைத்து அவர் செய்த வேலையா? எதிரணித் தலைவர் ஒரு பட்டியலோடு வந்தார். ஸ்கொட்டி போமன் 9, டோ பிளேக் 8, அல் ஆர்பர் 4. பலசரக்குக் கடையில் பில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். ‘இதுதான் கணக்கு, மற்றதெல்லாம் கதை’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்காபரோவில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், ஐயா. நம்ம ரொறன்ரோ அணி மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1967இல். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்தவர்களும் ஐஸைச் சர்பத்துக்குள் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

சரி, நம்ம ஊர்க் கதையையே எடுக்கிறேன். 1991-92இல் லீஃப்ஸ் எடுத்தது 67 புள்ளி. அடுத்த சீசனுக்குப் பொறுப்பேற்றவர் பட் பேர்ன்ஸ். ஒரு காலத்தில் பொலிஸ்காரர். மீசையைப் பார்த்தாலே தெரியும். அந்த ஒரே சீசனில் 99 புள்ளி! அரையிறுதியில் எதிரே லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், அதில் பெரும் நட்சத்திரம் கிரெட்ஸ்கி. ஏழு ஆட்டத் தொடரில் 3-2 என்று நாம் முன்னணி. ஆறாவது ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போகிறது. கிரெட்ஸ்கியின் மட்டை உயர்ந்து நம்ம வீரர் டக் கில்மரின் நாடியில் பட்டு இரத்தம் வருகிறது. தண்டனை கொடுத்து கிரெட்ஸ்கியை வெளியே அனுப்பியிருக்க வேண்டும், ஆனால் நடுவர் கொடுக்கவில்லை. (நான் சொல்வது அந்த நடுவரை, உங்களை இல்லை, ஐயா.) கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டார். ஏழாவது ஆட்டத்தில் இன்னும் மூன்று. 5-4. முடிந்தது.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். அன்று தண்டனை கொடுக்க அந்த நடுவரின் கை உயர்ந்திருந்தால் பேர்ன்ஸ் நல்ல பயிற்சியாளர், உயராததால் இல்லையா? 67ஐ 99 ஆக்கிய மனிதரின் தகுதி வேறொருவரின் விசிலிலா இருக்கிறது? அதே பேர்ன்ஸ் பத்து வருடம் கழித்து, 2003இல், நியூ ஜேர்சியோடு கிண்ணம் வென்றார். உங்கள் பட்டியலில் அந்த ஒன்றுதான் ஏறும். ரொறன்ரோவில் செய்தது எதுவும் ஏறாது.

‘போமனைப் பற்றிப் பேச இவருக்குப் பயம்’ என்று அங்கே ஒரு தம்பி சிரிக்கிறார். பயமெல்லாம் இல்லை, தம்பி. 1976-77இல் போமனின் மொன்றியல் 80 ஆட்டத்தில் தோற்றது வெறும் 8. வலையைக் காக்கக் கென் டிரைடன், கோல் போடக் கி லஃப்ளர். அந்த அணியின் பெஞ்சுக்குப் பின்னால் என் மாமியை நிறுத்தியிருந்தாலும் பாதி ஆட்டம் வென்றிருக்கும். போமன் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிவது டெட்ரோயிட்டில். 1995இல் ரஷ்ய வீரர் லரியோனோவைக் கொண்டுவந்து, சோவியத்தில் ஆடி வளர்ந்த ஐந்து பேரை ஒன்றாக இறக்கினார். மற்றவர்கள் பக்கை, அதாவது ஐஸில் அடிக்கிற அந்த வட்டத் தட்டை, எதிரணிப் பக்கம் அடித்துவிட்டுத் துரத்துவார்கள். இந்த ஐந்து பேரும் வழி அடைபட்டால் பக்கோடு பின்னால் திரும்பி, கூடி, மறுபடி வருவார்கள். வட அமெரிக்கப் பயிற்சியாளர் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். போமன் ‘உங்கள் இஷ்டப்படி ஆடுங்கள்’ என்று விட்டுவிட்டார். அறுபதைத் தாண்டிய ஒருவர் தான் பழகியதை ஒதுக்கிவைத்த வேலை அது. எதிரணியின் 9இல் அது எங்கே தெரிகிறது?

போமனின் கடைசிக் கிண்ணம் 2002. எதிரில் கரோலைனா. முதல் ஆட்டத்தைப் பறிகொடுத்த டெட்ரோயிட் அடுத்த நான்கையும் வென்றது. தோற்ற பக்கத்தில் நின்ற இளம் பயிற்சியாளர் யார் தெரியுமா? போல் மோரிஸ். 1995இல் ஹார்ட்ஃபர்டில் ஆரம்பித்த மனிதர், லீக் வரலாற்றிலேயே அதிக ஆட்டங்களில் தோற்ற பயிற்சியாளர். கிண்ணம் வெல்ல 2024 ஜூன் வரை காத்திருந்தார். இறுதித் தொடரில் அவருடைய ஃபுளோரிடா 3-0 என்று முன்னால் போய், அடுத்த மூன்றையும் எட்மன்டனிடம் கொடுத்து, ஏழாவதை 2-1 என்று தப்பிப் பிழைத்து வென்றது. 2025இலும் வென்றது. அப்படியானால் இருபத்தெட்டு வருடம் வேலை தெரியாதவராக இருந்து, ஒரே இரவில் கற்றுக்கொண்டாரா? அந்த ஒரு கோல் மறுபக்கம் விழுந்திருந்தால் எதிரணி இன்று அவர் பெயரைக்கூடச் சொல்லியிருக்காது.

அப்புறம் ரொஜர் நீல்சன். கிண்ணம் பூச்சியம். ஆனால் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் படிப்பதை இந்த லீக்குக்குப் பழக்கியவர் அவர். பீற்றர்பரோவில் இளையோர் அணியை நடத்தியபோது, பெனல்ற்றி ஷொட் (ஒருவர் தனியாக வந்து கோல்காப்பாளரை எதிர்த்து அடிப்பது) வந்தால் கோல்காப்பாளரை எடுத்துவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை வலையில் நிறுத்துவார். அவர் பாய்ந்து வந்து அடிப்பவனின் காலடியில் நிற்பார். இவருக்காகவே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2002இல் ஹொக்கி புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது யாரும் கிண்ணம் கேட்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வருடத்தின் சிறந்த பயிற்சியாளருக்குக் கொடுக்கும் ஜாக் அடம்ஸ் விருதை எங்கள் பக்கச் சாட்சியாக நான் கூப்பிடமாட்டேன். யாரும் எதிர்பாராமல் ஏறிவந்த அணிக்குத்தான் அது பெரும்பாலும் போகும். போமனுக்கே இரண்டு முறைதான் கிடைத்தது. அளவுகோல் எங்களிடமும் முழுசாக இல்லை. அதற்காகக் கிண்ணத்தை அளவுகோலாக்க முடியுமா?

கடைசியாக, எதிரணியின் சொந்தப் பட்டியலிலிருந்தே அல் ஆர்பர். நியூயோர்க் ஐலண்டர்ஸ் பிறந்த சீசனில் 78 ஆட்டத்தில் 12 வெற்றி, வாங்கிய கோல் 347. 1973இல் ஆர்பர் வந்தார். அடுத்த சீசனில் வாங்கிய கோல் 247. தடுப்பாட்டக்காரர் டெனி பொட்வினும் அந்த வருடம்தான் சேர்ந்தார், உண்மை. ஆனாலும் ஒரு இளைஞனால் மட்டும் 100 கோல் குறையாது. கிழக்குப் பிரிவில் அப்போதும் அவர்கள் கடைசிதான். முதல் கிண்ணம் வர 1980 ஆயிற்று. எனக்குப் பின் பேச வரும் அக்கா அந்த 100 கோலைத் தன் பில்லில் எந்த வரியில் போடுவார் என்று மட்டும் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன்.