தற்குறி வைத்த காணி உறுதி செல்லுமா?

வெள்ளைத்தாளில் 'என் காணியை மகனுக்கு விற்றுவிட்டேன்' என்று எழுதி, முத்திரை ஒட்டி, கீழே முத்து முத்தாகக் கையெழுத்தும் வைத்தாயிற்று. செல்லுமா? செல்லாது. எழுதத் தெரியாத ஆச்சி பெருவிரலை மையில் தோய்த்துக் காணி உறுதிப் பத்திரத்தில் வைத்த அடையாளம்? அது செல்லும்!

வணக்கம், திருகோணமலையில் இருந்து பேசுகிறேன். கோட்டை வாசலில் நிற்கிறேன், நடுவில் ஒரு மான் வந்து கமராவை மோந்து பார்த்தால் கோபிக்காதீர்கள், இது அதனுடைய இடம்.

சட்டத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், இன்றைக்கும் அதுதான். காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுப்படுத்த உரிமம் பெற்றவர்) முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்து விழ வேண்டும். "நான் அவசரமா கிண்ணியா போறன், பின்னேரம் வந்து வைக்கிறன்" என்கிற சாட்சியை நம்பாதீர்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். 'தற்குறி' என்று யாரையாவது திட்டியிருக்கிறீர்களா? நானும்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் ஆளே இல்லை: எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் குறி, தன் குறி! பிறகுதான் குறி வைத்தவரையே அப்படிக் கூப்பிட்டு, அதை வசையாகவும் ஆக்கிவிட்டோம். பழைய கல்வெட்டுகளில் 'இவை இன்னான் எழுத்து' என்று வந்தால் அது அவனுடைய கையெழுத்து. எழுதத் தெரியாதவன் வைத்த குறிக்கு இன்னொருவன் சான்று எழுதினால் அதற்குப் பெயர் 'தற்குறி மாட்டெறிதல்'. என்ன சொல் பாருங்கள்! இன்றைக்கு நொத்தாரிசும் சாட்சிகளும் செய்கிற வேலைதான். எழுத முடியாதவர் விஷயத்தில் 'கையெழுத்து' என்றால் 'அடையாளமும்' அடங்கும் என்று இலங்கையின் பொருள்கோடல் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. ஆக, நாம் வசை பாடுகிற தற்குறிக்குச் சட்டத்தில் மரியாதை இருக்கிறது.

கையெழுத்தின் வடிவம் கிறுக்கலா, தமிழா, ஆங்கிலமா என்பது பெரிய விஷயமில்லை. வங்கியில் "இது உங்கட கையெழுத்தே இல்லையே" என்று என்னையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அது நாம் முன்பு கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிற அவர்களுடைய பாதுகாப்பு, வேறு கதை.

மரண சாசனத்தை (உயிலை) நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம், ஆனால் ஐந்து சாட்சிகள் வேண்டும்; இரண்டு பேரைப் பிடிப்பதே பாடு! போனில் வைக்கிற மின் கையொப்பத்தை 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் ஏற்கிறது, ஆனால் காணி விற்பனை, மரண சாசனம் போன்ற சிலவற்றுக்கு அது உதவாது.

இப்போது எழுந்துபோய் அலுமாரியில் உள்ள பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். உங்கள் பூட்டி (கொள்ளுப்பாட்டி) அதில் வைத்தது எழுத்தா, கைநாட்டா? கீழே எழுதுங்கள், உறுதியைப் படம் பிடித்து மட்டும் போட்டுவிடாதீர்கள்!